பூடிகாவின் வழியில் இரண்டு நாள் சுற்றுலா: முதல் நாளுக்கே கொடுத்த காசு தகும்

ரோமரை எதிர்த்துக் கிளம்பிய பிரிட்டன் அரசி பூடிகாவின் கலகம் நடந்த ஊர்களைச் சுற்றிக் காட்டும் இரண்டு நாள் சுற்றுலா ஒன்று லண்டனிலிருந்து வார இறுதிகளில் கிளம்புகிறது. நடத்துவது சின்ன நிறுவனம், வண்டியும் சின்னது, பதினாறு பேருக்கு மேல் ஏற்றுவதில்லை. சனிக்கிழமை கோல்செஸ்டரும் செயின்ட் ஆல்பன்ஸும், ஞாயிற்றுக்கிழமை லண்டனுக்குள் நடை. நுழைவுக் கட்டணங்களைச் சேர்த்து ஆளுக்கு இருநூறு பவுண்டுக்குச் சற்றுக் குறைவு. தங்குமிடமும் சாப்பாடும் நம் பொறுப்பு. முதல் நாளுக்காகவே தாராளமாகப் போகலாம். இரண்டாம் நாள் பாதிதான் தேறும். ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஐரோப்பாவின் பழைய கெல்டிக் இனங்களின் வீராங்கனைகள் என்று விளம்பரத்தில் போடுகிற எல்லோரும் ஒரே மாதிரி சரக்கைக் கொடுப்பதில்லை.

கதை தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். இன்றைய நார்ஃபோக் பகுதியில் ஐசீனி என்ற இனக்குழு இருந்தது. அதன் அரசன் பிரசுதாகஸ் ரோமோடு ஒத்துப்போய் ஆண்டவன். தான் செத்தபிறகும் குடும்பம் பிழைக்க வேண்டும் என்று நினைத்து, தன் அரசை இரண்டு மகள்களுக்கும் பேரரசன் நீரோவுக்கும் சேர்த்து எழுதிவைத்தான். அவன் கண்ணை மூடியதும் ரோம அதிகாரிகள் எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டார்கள். அவன் மனைவி பூடிகாவைச் சவுக்கால் அடித்தார்கள், மகள்களை வன்புணர்ந்தார்கள். அதற்கு முன்னால் கொடுத்த கடனையெல்லாம் ஒரே நேரத்தில் திருப்பிக் கேட்டதும் கோபத்துக்குக் காரணம் என்கிறார் ரோம வரலாற்றாசிரியர் டியோ காசியஸ். கடன் கொடுத்தவர்களில் தத்துவஞானி செனெகாவும் ஒருவர். கி.பி. 60 அல்லது 61ல், ஆளுநர் சூடோனியஸ் பாலினஸ் தன் படையோடு தூரத்தில் மோனா தீவில், அதாவது இன்றைய ஆங்கில்சியில், இருந்த சமயம் பார்த்து ஐசீனிகளும் பக்கத்து டிரினோவான்டிகளும் எழுந்தார்கள். கோல்செஸ்டர், லண்டன், செயின்ட் ஆல்பன்ஸ் மூன்றும் எரிந்தன. கடைசிப் போரில் பூடிகா தோற்றாள். நஞ்சு குடித்து இறந்தாள் என்கிறார் இன்னொரு ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ், நோயில் இறந்தாள் என்கிறார் டியோ.

முதல் நாள் வழிகாட்டி அகழாய்வில் வேலை பார்த்த ஒரு பெண்மணி. வண்டி லண்டனைத் தாண்டும் முன்பே அவர் ஒரு விஷயத்தைப் போட்டு உடைத்தார்: பூடிகாவைப் பற்றி எழுதிய இரண்டு பேருமே ரோமப் பேரரசின் ஆட்கள், கெல்டிக் பக்கத்திலிருந்து ஒரு வரிகூட இல்லை. டாசிட்டஸாவது பரவாயில்லை, அவருடைய மாமனார் அக்ரிகோலா அந்தச் சமயத்தில் பிரிட்டனில் இளம் அதிகாரியாக இருந்தவர், நேரில் கண்டவரின் வாய்வழியாகக் கேட்டிருக்கலாம். டியோ எழுதியது நூறு வருடத்துக்கு மேல் கழித்து, அதுவும் நமக்குக் கிடைப்பது பதினோராம் நூற்றாண்டில் ஒரு துறவி சுருக்கி எழுதிய வடிவத்தில். உயரமானவள், முரட்டுக் குரல், இடுப்பு வரை தொங்கும் செம்பட்டை முடி, கழுத்தில் பெரிய பொன் வளையம், பல வண்ண உடை, அதன் மேல் கனமான போர்வை என்று நாம் எல்லாப் படங்களிலும் பார்க்கிற பூடிகா அந்த டியோவின் பூடிகாதான். இதைச் சொல்லிவிட்டு, அன்று முழுவதும் எந்தச் செய்தியைச் சொன்னாலும் “இது டாசிட்டஸ்”, “இது டியோ”, “இது மண்ணில் கிடைத்தது” என்று மூன்றாகப் பிரித்தே சொன்னார். இந்த ஒரு பழக்கத்துக்காகவே அவருக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன்.

கோல்செஸ்டர் கோட்டை. மேலே நிற்பது நார்மன்கள் 1070களில் கட்டியது. ஆனால் அதன் அடித்தளம் ரோமர்கள் பேரரசன் கிளாடியஸுக்காகக் கட்டிய கோயிலின் மேடை. அந்த ஊர் அப்போது காமுலோடூனம், ஓய்வு பெற்ற ரோமச் சிப்பாய்களுக்கு நிலம் கொடுத்துக் குடியமர்த்திய இடம். அந்த நிலம் டிரினோவான்டிகளிடமிருந்து பிடுங்கியது. கோயிலுக்கான செலவும் உள்ளூர்க்காரர்கள் தலையில்தான். அதனால் கலகக்காரர்கள் முதலில் இங்கே வந்ததில் ஆச்சரியம் இல்லை. ஊருக்குச் சுவர் கிடையாது, ஊர்க்காரர்கள் கோயிலுக்குள் புகுந்துகொண்டார்கள், இரண்டு நாள் தாக்குப்பிடித்தது, அப்புறம் விழுந்தது.

கோட்டைக்கு அடியில் இருக்கும் நிலவறைகளுக்குத் தனியாகச் சீட்டு வாங்க வேண்டும், சுற்றுலாக் கட்டணத்தில் அது சேர்ந்தே இருக்கிறது. கீழே இறங்கி ரோமர் கட்டிய வளைவுகளுக்குக் கீழே நிற்கும்போது எல்லோருக்கும் தோன்றுவது, இங்கேதான் அந்த மக்கள் ஒளிந்திருந்தார்கள் போலும் என்பதுதான். இல்லை என்றார் வழிகாட்டி. மேலே இருக்கிற கோயிலின் பாரத்தைத் தாங்குவதற்காக ரோமர்கள் இந்த வளைவுகளுக்குள் மணலை இறுக்கி நிரப்பியிருந்தார்கள், பதினேழாம் நூற்றாண்டில்தான் அதைத் தோண்டி வெளியே எடுத்தார்கள், ஆகவே பூடிகா காலத்தில் இது அறையே இல்லை. நல்ல ஒரு திகில் கதையைச் சொல்லி எங்களை அப்படியே மயக்கியிருக்கலாம். அவர் அதைச் செய்யவில்லை. எனக்கு அந்த இடம் அதனால் ஒரு துளிகூடக் குறைந்துபோகவில்லை.

மேலே அருங்காட்சியகத்தில் ஃபென்விக் புதையல். 2014ல் ஊரின் ஹை ஸ்ட்ரீட்டில் ஒரு கடையை விரிவுபடுத்தும் வேலைக்கு முன் தோண்டியபோது, கலகத்தில் எரிந்த வீட்டின் தரைக்குள் கிடைத்தது. காதணிகள், கைவளைகள், மோதிரங்கள், காசுகள், எல்லாம் அவசரமாகக் குழி தோண்டிப் புதைத்தவை. புதைத்தவர்கள் திரும்பி வந்து எடுக்கவில்லை. அதே இடத்தில் கருகிய பேரீச்சம்பழமும் அத்திப்பழமும் கிடைத்திருக்கின்றன, வெட்டுக்காயம் பட்ட மனித எலும்புத் துண்டுகளும் கிடைத்திருக்கின்றன. இதைப் பார்க்காமல் பூடிகாவைப் பற்றிப் பேசக் கூடாது என்பது என் கருத்து. அவளுக்கு நேர்ந்தது கொடுமை, அவள் கோபம் நியாயம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் காதணியைப் போட்டிருந்தவளும் ஒரு பெண். டாசிட்டஸ் மூன்று ஊர்களிலும் 70,000 பேர் செத்தார்கள் என்கிறார், மூன்று ஊரின் மக்களையும் சேர்த்தாலும் அவ்வளவு வருமா என்று ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள். எண் எதுவாக இருந்தாலும் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் பேச்சு வரவில்லை.

அடுத்து லாங்கினஸ் கல்லறைக் கல். திரேஸ் நாட்டிலிருந்து வந்த ரோமக் குதிரைப்படை வீரன், குதிரையின் காலடியில் ஒரு பிரிட்டன்காரன் சுருண்டு கிடக்கிறான். 1928ல் கிடைத்தபோது வீரனின் முகம் இல்லை. பூடிகாவின் ஆட்கள்தான் வெறுப்பில் சிதைத்தார்கள் என்று பல காலம் எழுதினார்கள். 1996ல் அதே இடத்தை மறுபடி தோண்டியபோது முகம் கிடைத்துவிட்டது, கதை போயிற்று. வழிகாட்டி இதை இரண்டே நிமிடத்தில் சொன்னார், ஆனால் கலகக் கதைகள் எப்படி உருவாகின்றன என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

கோல்செஸ்டரிலும் லண்டனிலும் தரைக்கு அடியில் சிவந்த, வெந்த களிமண் அடுக்கு ஒன்று இருக்கிறது. மண்சுவர் வீடுகள் எரிந்து இடிந்து படிந்த அடுக்கு. ஊருக்குள் எங்கே ஆழமாகத் தோண்டினாலும் அது எட்டிப் பார்க்கும், தொல்லியல்காரர்கள் அதை வைத்தே வருடத்தைச் சொல்லிவிடுவார்கள். எழுத்தில் இருக்கும் ஒரு நிகழ்ச்சி மண்ணில் இவ்வளவு துல்லியமாகப் பொருந்துவது அபூர்வம்.

கோல்செஸ்டரிலிருந்து செயின்ட் ஆல்பன்ஸுக்குப் போகும் நீண்ட சாலைப் பயணம்தான் என்னைப் பொறுத்தவரை இந்தச் சுற்றுலாவின் உச்சம். ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஒன்றும் இல்லை, வழிகாட்டி ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு மற்றப் பெண்களைப் பற்றிப் பேசினார். கார்டிமான்டுவா, வடக்கே பிரிகான்டிகளின் அரசி. ரோமரை எதிர்த்துத் தோற்றுத் தன்னிடம் அடைக்கலம் தேடி வந்த கராடகஸை 51ல் அவர்களிடமே பிடித்துக் கொடுத்தவள், கணவன் வெனூடியஸை விலக்கிவிட்டு அவனுடைய ஆயுதம் தூக்கியையே மணந்தவள், 69ல் அந்தப் பழைய கணவன் படையெடுத்து வந்தபோது ரோமப் படை போய் மீட்க வேண்டியதாயிற்று. பூடிகாவுக்குச் சிலை இருக்கிறது, இவளுக்குத் துரோகி என்ற பெயர்தான் மிச்சம். ஆனால் பல வருடம் ஒரு பெரிய நாட்டைச் சொந்த உரிமையில் ஆண்டவள் இவள்தான். பூடிகா அரசனின் மனைவி, ஆண்ட காலம் என்று எடுத்தால் கலகம் நடந்த கொஞ்ச நாள்தான். அதிகாரம் செலுத்திய பெண் என்று ஒருத்தியைத் தேடினால் நான் கார்டிமான்டுவாவை முதலில் வைப்பேன்.

அப்புறம் கல்லறைகள். சில்லி தீவுகளில் பிரைஹர் என்ற தீவில் 1999ல் ஒரு விவசாயி வயலில் கல் பெட்டிக் கல்லறை ஒன்று கிடைத்தது. அதில் வாளும் இருந்தது, கேடயமும் இருந்தது, வெண்கலக் கண்ணாடியும் இருந்தது. வாள் என்றால் ஆண், கண்ணாடி என்றால் பெண் என்று பிரித்துப் பழகியவர்களுக்குக் குழப்பம். எலும்பு அநேகமாக மக்கிப்போயிருந்தது, மரபணு சோதனைக்கு வழியில்லை. கடைசியில் பல் எனாமலில் இருக்கும் புரதத்தைச் சோதித்து, புதைக்கப்பட்டவர் பெண்ணாக இருக்க 96 சதவீத வாய்ப்பு என்று 2023ல் அறிவித்தார்கள். காலம் கி.மு. 100க்கும் 50க்கும் இடையே, அதாவது பூடிகாவுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முந்தியது. அவள் அந்த வாளைப் பிடித்துச் சண்டை போட்டாளா என்பதைக் கல்லறை சொல்லாது, ஆனால் வாளோடு புதைக்கும் அளவுக்கு ஊர் அவளை மதித்தது என்று வழிகாட்டி நிறுத்திக்கொண்டார். யார்க்‌ஷயரின் வெட்வாங்கில் 2001ல் தோண்டிய கல்லறையில் ஒரு பெண்ணைத் தேரோடு புதைத்திருந்தார்கள். பிரான்சில் வீக்ஸ் என்ற இடத்தில் 1953ல் கிடைத்த பெண்ணின் கல்லறையிலும் வண்டி, 480 கிராம் பொன் கழுத்தணி, ஆள் உயரத்துக்கு 1.64 மீட்டரில் ஒரு வெண்கலக் கலயம், அதில் 1,100 லிட்டர் பிடிக்கும். ஆயுதம் மட்டும் இல்லை. பின்னாளில் ஒரு பெண்ணுக்கு இவ்வளவு மரியாதையா என்று நம்ப மறுத்து, பெண் வேடமிட்ட ஆண் பூசாரியாக இருக்கும் என்றுகூட வாதம் செய்தவர்கள் உண்டு.

டார்செட் பகுதியில் கிடைத்த இரும்புக் கால எலும்புகளின் மரபணுவைப் படித்து 2025ல் வெளியிட்ட ஆய்வையும் சொன்னார். அந்தச் சமூகத்தில் பெண்கள் பிறந்த ஊரிலேயே இருந்தார்கள், ஆண்கள்தான் கல்யாணம் ஆகி அங்கே வந்து சேர்ந்தார்கள், பல தலைமுறை ஒரே தாய்வழி. ஆள்வதில் ஆண் பெண் என்று பிரிட்டன்காரர்கள் வித்தியாசம் பார்ப்பதில்லை என்று டாசிட்டஸ் எழுதிய வரியை இதோடு சேர்த்துப் பார்த்தால் அது வெறும் ரோமக் கிசுகிசு இல்லை என்று தெரிகிறது. மனைவி பக்கத்தில் நின்றால், இன்றைய பிரான்ஸ் பகுதியில் வாழ்ந்த ‘கால்’ இனத்து ஆண் ஒருவனைக் கூட்டமே சேர்ந்தாலும் சமாளிக்க முடியாது, வெள்ளைக் கைகளைச் சுழற்றிக் கவண் எறிவது மாதிரி உதைப்பாள் என்று நான்காம் நூற்றாண்டில் ரோம வரலாற்றாசிரியர் அம்மியானஸ் எழுதியதை வாசித்துக் காட்டியபோது வண்டியில் எல்லோரும் சிரித்தார்கள். வழிகாட்டி சிரிக்கவில்லை. அயல்நாட்டுப் பெண்களை இப்படிப் பூதம் மாதிரி வர்ணிப்பது ரோமர்களுக்கு ஒரு பாணி, அதை வைத்துப் போர்ப்படை கட்டக் கூடாது என்றார்.

செயின்ட் ஆல்பன்ஸில் கலகத்தின் தடம் கண்ணுக்குத் தெரிவது குறைவு. அருங்காட்சியகத்தில் உள்ள ரோமச் சித்திரத் தரைகளும் பூங்காவுக்குப் பக்கத்தில் உள்ள நாடக அரங்கும் அழகானவை, ஆனால் அவை பூடிகாவுக்குப் பின்னால் வந்தவை. இங்கே ஒரு மணி நேரத்தைக் குறைத்து கோல்செஸ்டருக்குக் கொடுக்கலாம்.

இரண்டாம் நாளுக்கு வேறு வழிகாட்டி. காலையில் பிரிட்டிஷ் அருங்காட்சியகம், அங்கே ஸ்னெட்டிஷாம் பெரிய கழுத்து வளையம். 1950ல் நார்ஃபோக்கில், ஐசீனிகளின் மண்ணில் கிடைத்தது. மெல்லிய கம்பிகளை எட்டு எட்டாக முறுக்கி, அந்த எட்டுச் சரங்களையும் மறுபடி ஒன்றாக முறுக்கிய வேலைப்பாடு, எடை ஒரு கிலோவுக்கு மேல். டியோ சொல்லும் பொன் வளையம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்க இதைவிட நல்ல பொருள் கிடையாது. ஆனால் இது பூடிகாவுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முந்தியது, அவள் கழுத்தில் இருந்ததல்ல. புதிய வழிகாட்டி “இதைத்தான் அவள் அணிந்திருக்கக்கூடும்” என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். முதல் நாள் கேட்ட காதுக்கு இது பொறுக்கவில்லை.

அதன் பிறகு வால்புரூக் தெருவில் லண்டன் மித்ரேயம், அதாவது மித்ராஸ் என்ற கடவுளுக்கு ரோமர் கட்டிய கோயில். நுழைவு இலவசம், இடமும் நன்றாக இருக்கிறது. அதற்கு மேலே இப்போது நிற்கும் கட்டடத்தைக் கட்டும் வேலையின்போது நானூறுக்கும் மேற்பட்ட மரப் பலகை எழுத்துகள் சேற்றில் கிடைத்தன. அதில் ஒன்று கி.பி. 62 அக்டோபர் 21 தேதியிட்ட ஒப்பந்தம், வெருலாமியத்திலிருந்து, அதாவது செயின்ட் ஆல்பன்ஸிலிருந்து, லண்டனுக்கு இருபது சுமை சரக்கு கொண்டுவர வேண்டும் என்று. இரண்டு ஊரும் எரிந்து ஓரிரு வருடம்தான் ஆகிறது, அதற்குள் வியாபாரம் ஓடத் தொடங்கிவிட்டது! கலகம் எவ்வளவு சீக்கிரம் துடைக்கப்பட்டது என்பதை இந்த ஒரு பலகை சொல்லிவிடும். வழிகாட்டி இதைச் சொல்லவே இல்லை, நான் கேட்ட பிறகும் மேலோட்டமாகத் தலையாட்டினார். இரண்டு நாளையும் இணைக்கிற கண்ணியே அந்தப் பலகைதான், அதை எப்படி விட்டார்கள் என்று இன்னும் வருத்தமாக இருக்கிறது.

கடைசியில் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்துச் சிலை. தாமஸ் தார்னிகிராஃப்ட் 1856ல் தொடங்கியது, அவர் 1885ல் இறந்தார், சிலை நின்றது 1902ல். தேர்ச் சக்கரத்தில் நீண்ட அரிவாள்கள். பிரிட்டனில் இதுவரை தோண்டியெடுத்த எந்தத் தேரிலும் அரிவாள் கிடைத்ததில்லை, அவை லேசான இரண்டு சக்கர வண்டிகள். வழிகாட்டி அந்த அரிவாள்கள் ரோமர்களின் காலை எப்படி அறுத்தன என்று கையை வீசி நடித்துக் காட்டினார். பிறகு பூடிகா கிங்ஸ் கிராஸ் ரயில் நிலைய நடைமேடைக்குக் கீழே புதைந்திருக்கிறாள் என்ற கதையையும் விட்டார். கடைசிப் போர் எங்கே நடந்தது என்பதே இன்றுவரை உறுதியாகாதபோது கல்லறைக்கு முகவரி எப்படி வந்தது? கூட்டத்தில் இருந்த பிள்ளைகள் அதை அப்படியே நம்பிக் குறித்துக்கொண்டார்கள், எனக்குக் கோபம் வந்தது அதனால்தான்.

அந்தச் சிலையில் பூடிகாவின் இரு பக்கமும் மகள்கள் குனிந்து நிற்கிறார்கள். தேரில் மகள்களை முன்னால் நிறுத்திக்கொண்டு இனக்குழு இனக்குழுவாகப் போய்ப் பேசினாள் என்கிறார் டாசிட்டஸ். அந்தப் பேச்சு அவர் எழுதியது, ரோம வரலாற்றாசிரியர்கள் பேச்சுகளைத் தாங்களே இயற்றுவது வழக்கம். ஆனால் மகள்கள் வருகிறார்களே தவிர, அவர்களுடைய பெயரை டாசிட்டஸும் சொல்லவில்லை, டியோவும் சொல்லவில்லை. போருக்குப் பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் என்றும் எங்கேயும் இல்லை. அரசையே பங்கு போட்டுக் கொடுத்த வாரிசுகள் அவர்கள், கலகத்தின் காரணமே அவர்களுக்கு இழைத்த அநீதி. முதல் நாள் வழிகாட்டியாக இருந்திருந்தால் அங்கே நின்று இதைப் பேசியிருப்பார் என்று உறுதியாகச் சொல்வேன்.

கையில் கொடுக்கும் சிறு புத்தகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அச்சு நல்ல அச்சு, வரைபடங்கள் தெளிவு, மோனா தீவில் கறுப்பு உடையில் தீப்பந்தத்தோடு ஓடிய பெண்களைக் கண்டு ரோமச் சிப்பாய்கள் உறைந்து நின்ற பகுதியை முழுதாகப் போட்டிருப்பது அருமை. ஆனால் கடைசிப் பக்கங்களில் அயர்லாந்துக் கதை வீரன் கூகுலனுக்குப் போர்க்கலை கற்றுக்கொடுத்த ஸ்காஹாவையும் அவளோடு மோதிய ஈஃபாவையும் பூடிகாவின் வரிசையிலேயே, அதே எழுத்தில், தேதி மாதிரி ஒன்றைப் போட்டு வைத்திருக்கிறார்கள். அவர்கள் அயர்லாந்தின் இடைக்காலக் கதைகளில் வருகிறவர்கள், அந்தக் கதைகள் கிறித்தவத் துறவிகளின் கையால் ஏட்டில் ஏறியவை. கதையாகப் படிக்க எனக்கும் அவர்களைப் பிடிக்கும், தனிப் பக்கம் கொடுங்கள், ஆனால் கல்லறையும் எலும்பும் உள்ளவர்களோடு கலக்காதீர்கள். அயர்லாந்தைச் சேர்க்க வேண்டும் என்றால் 697ல் பிர் என்ற இடத்தில் துறவி அடோம்னான் கொண்டுவந்த சட்டம் இருக்கிறதே, பெண்களையும் பிள்ளைகளையும் மதகுருமாரையும் போரில் கொன்றால் தண்டனை என்று. போரில் பெண்கள் எந்த நிலையில் இருந்தார்கள் என்பதற்கு அது உண்மையான ஆவணம்.

நடைமுறை விஷயங்கள். முதல் நாள் நிறைய நிற்க வேண்டும், நிலவறைக்குப் படிகள் இருக்கின்றன, முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். காதில் மாட்டும் ஒலிக்கருவி கோட்டைக்கு உள்ளே அடிக்கடி விட்டுவிட்டுக் கேட்கிறது, ஆகவே வழிகாட்டியின் பக்கத்திலேயே நில்லுங்கள். வன்புணர்ச்சி, படுகொலை எல்லாம் மறைக்காமல் பேசுகிறார்கள், நான் அதை வரவேற்கிறேன், ஆனால் சின்னக் குழந்தைகளைக் கூட்டிப்போகிறவர்கள் முன்பே தெரிந்துகொள்வது நல்லது. சாப்பாட்டுக்குக் கோல்செஸ்டரில் கொடுக்கும் நேரம் போதாது, எதையாவது கையில் கொண்டுபோங்கள்.

கேட்டால் முதல் நாளுக்கு மட்டும் தனியாகச் சீட்டு தருகிறார்கள், விலை பாதிக்குச் சற்று மேல். இணையதளத்தில் அது இல்லை, மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். லண்டன் பகுதியை நீங்களே பார்த்துக்கொள்ளலாம், பிரிட்டிஷ் அருங்காட்சியகமும் மித்ரேயமும் இலவசம், சிலை தெருவில்தான் நிற்கிறது. இரண்டு நாளும் போவதாக இருந்தால் இரண்டாம் நாளும் அதே அகழாய்வுப் பெண்மணிதான் வருவாரா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.